சாவைக் காட்டுகிறார்கள், நோயைக் காட்டுகிறார்களா? – வாசகர் கேள்வி பதில்

திரைப் பாத்திரங்களின் மனச்சோர்வும் தற்கொலையும் சித்தரிக்கப்படும் விதம் குறித்து மட்டும் இம்முறை கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல நீளமானவை. சாரம் கெடாமல் சுருக்கியிருக்கிறோம். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம்.

கேள்வி: தற்கொலை இல்லாத காலம் என்று ஒன்று தமிழ் சினிமாவில் இருந்ததே இல்லை. ஆனால் மனச்சோர்வு கொண்ட ஒரு பாத்திரத்தைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால், மாணவிகளால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஏன் இப்படி?
– கல்லூரி ஆசிரியை, திருச்சி

உங்கள் மாணவிகளின் நினைவில் குறையில்லை. நம் படங்களில் தற்கொலை என்பது கதையைத் திருப்பிவிடும் ஒரு நிகழ்ச்சியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரு மனிதருக்குள் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்த ஒன்றின் விளைவாக வருவதில்லை. காதலை வீட்டில் மறுத்தார்கள், அடுத்த காட்சியில் மலையுச்சி. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கத்தினார், மறுநாள் காலை குடும்பத் தலைவர் உயிரோடு இல்லை. ஒரு காரணம், ஒரு முடிவு, இரண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாது.

இதில் என்னை மிகவும் வருத்துவது நாயகனின் தங்கை என்ற பாத்திரம். எழுபதுகள், எண்பதுகளின் படங்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அவளைத் தெரியும். வில்லனால் வன்புணர்வுக்கு ஆளானதும் இரண்டு காட்சிகளுக்குள் அவள் இறந்தாக வேண்டும், ஏனென்றால் அண்ணன் பழிவாங்கப் புறப்பட வேண்டியிருக்கிறது. அவள் அன்றிரவு தூங்கினாளா, அம்மாவிடம் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாளா, பக்கத்து வீட்டுத் தோழியின் கதவைத் தட்டினாளா என்று திரைக்கதை ஒரு வினாடிகூடக் கேட்பதில்லை. மானம் போனால் உயிரும் போக வேண்டும் என்ற விதியை அவள்மேல் எழுதிவிட்டு, அதை அவளுடைய சொந்த முடிவு போலக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் உண்மையிலேயே அந்தக் கொடுமைக்கு ஆளானவர்கள் இருந்திருப்பார்களே என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினைகள் 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு. காதல் விவகாரம் 4.5 விழுக்காடு, தேர்வுத் தோல்வி 1.2 விழுக்காடு. காவல் நிலையத்தில் ஒற்றை வரியில் எழுதப்படும் காரணம் முழு உண்மையாக இருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒற்றை வரிகளின் கணக்கைக்கூட நம் திரை தலைகீழாக்கி வைத்திருக்கிறது. இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். இறந்த பெண்களில் பாதிக்கும் மேல் இல்லத்தரசிகள். சித்தாள் வேலைக்குப் போகிற ஒருவரோ, மூன்று வேளையும் சமைத்துப் பரிமாறிவிட்டு யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்ளும் ஒரு பெண்ணோ மனச்சோர்வு கொண்ட பாத்திரமாக நம் படங்களில் மையத்துக்கு வந்தது மிக அரிது.

மனச்சோர்வு என்ற நோய் கேமராவுக்கு வசதியானதுமல்ல. எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கம் கெடுதல், பசியின்மை, அசதி, தன்னால் எல்லோருக்கும் தொந்தரவு என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பதுதான் அதன் முகம். நம் ஊரில் பலர் ‘மனசு சரியில்லை’ என்று மருத்துவரிடம் போவதில்லை, ‘உடம்பெல்லாம் வலிக்கிறது, ராத்திரி தூக்கமே வரவில்லை’ என்றுதான் போகிறார்கள். சண்டையும் பாட்டும் கேட்கும் திரைக்கதையில் இந்த நாட்களுக்கு இடம் கிடைப்பதில்லை. இந்த நாட்கள் இல்லாமல் வருகிற சாவோ, பார்ப்பவருக்கு எதையும் புரிய வைப்பதில்லை.

கேள்வி: ‘3’ படத்தில் நட்சத்திர நாயகனுக்கே மனநோய் என்று காட்டியது துணிச்சல்தானே? அதை நீங்கள் பாராட்டுவீர்களா?
– மென்பொருள் பொறியாளர், கோவை

ஒரு விஷயத்துக்காக மனதாரப் பாராட்டுவேன். ஐஸ்வர்யா தனுஷ் இயக்கி 2012இல் வெளிவந்த அந்தப் படத்தில், தனுஷ் நடித்த ராம் காதலித்தவளையே மணந்து, வசதியாக வாழ்ந்து, ஆனாலும் இறந்துபோகிறான். நேசிக்கப்படுகிறவருக்கும் இந்த நோய் வரலாம், அன்பு மட்டுமே மருந்தாகிவிடாது என்று ஒரு வணிகப் படம் சொன்னது சிறிய காரியமல்ல. மனநிலை ஒருசமயம் மிதமிஞ்சி ஏறவும் மறுசமயம் மனச்சோர்வுக்குள் இறங்கவும் செய்யும் அந்த நோய்க்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னதும் அப்படியே.

ஆனால் பெயர் சொன்ன பிறகு படம் அந்த நோயைப் பேய்ப் படத்தின் கருவிகளைக் கொண்டு காட்டியது. கண்ணுக்கு மட்டும் தெரியும் உருவங்கள், திடீரென்று பாயும் வெறி, வீட்டு நாய்க்கு நேரும் கொடூரம் என்று பின்பாதி முழுவதும் பார்வையாளர் ராமுக்காகப் பயப்படுவதைவிட ராமைக் கண்டு பயப்படுகிறார். இருமுனைக் கோளாறு முற்றிய நிலையில் மாயத் தோற்றங்கள் வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. ஆபத்து பெரும்பாலும் அவர்களுடைய சொந்த உயிருக்குத்தான்.

அதைவிடப் பெரிய பிழை, மனைவியிடமிருந்து நோயை மறைப்பதைத் தியாகமாகக் காட்டியது. ராமும் நண்பனும் சேர்ந்து ஜனனிக்கு ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்; அந்த மறைத்தல் நட்பின் உச்சமாகவும் காதலின் ஆழமாகவும் படமாகியிருக்கிறது. இருமுனைக் கோளாற்றில் மனநிலை ஏறுவதையும் இறங்குவதையும் முதலில் கவனிக்கக்கூடியவர் கூடவே வாழ்கிறவர்தான். மாத்திரை விட்டுப்போகிறதா, தூக்கம் குறைகிறதா, செலவு கட்டுமீறுகிறதா என்று பார்க்கிற அந்த ஒருவரை வெளியே நிறுத்திவிட்டால் சிகிச்சையின் பாதி போய்விடுகிறது. 1949இலிருந்து பயன்பாட்டில் இருக்கும் லித்தியம் என்ற மருந்து இந்த நோயில் தற்கொலையைக் குறைக்கிறது என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. மருந்தோடு வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து வாழும் மனிதர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அப்படி ஒரேயொரு துணைப் பாத்திரம், மருத்துவரின் வரவேற்பறையில் ராமுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், படத்தின் பொருளே மாறியிருக்கும்.

கேள்வி: சினிமாவைப் பார்த்து யாராவது உயிரை விடுவார்களா? எதற்கெடுத்தாலும் சினிமாவைக் குறை சொல்வது நம் வழக்கமாகிவிட்டதே!
– வாசகர், திருநெல்வேலி

நல்ல மனநிலையில் இருக்கும் ஒருவரைப் படம் கொன்றுவிடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அந்த நிலையில் இருப்பதில்லை.

மேற்கு ஜெர்மனியில் 1981இல் ஒரு மாணவனின் தற்கொலையை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பானது. 1982இல் மறுஒளிபரப்பும் ஆனது. ஷ்மிட்கே, ஹேஃப்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரண்டு காலங்களையும் ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஒளிபரப்பின்போதும் அதன் பிந்தைய வாரங்களிலும், அத்தொடரில் காட்டப்பட்ட அதே வழியிலான மரணங்கள் 15 முதல் 19 வயதுப் பையன்களிடையே 175 விழுக்காடு வரை கூடியிருந்தன. பாத்திரத்தின் வயதையும் பாலினத்தையும் விட்டு விலக விலக அந்த உயர்வு குறைந்துகொண்டே போனது. அதாவது, திரையில் இருப்பவனிடம் தன்னைக் கண்டவர்களிடம்தான் பாதிப்பு மிகுந்திருந்தது. இது சினிமாவை வெறுப்பவர்களின் புலம்பல் அல்ல, எண்ணிப் பார்த்த கணக்கு.

எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவானவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையைப் பற்றி 2017இல் வெளியான ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்ற அமெரிக்கத் தொடருக்கு அடுத்த மாதம், அந்நாட்டில் 10 முதல் 17 வயதுடையோரின் தற்கொலை விகிதம் 28.9 விழுக்காடு உயர்ந்ததாக 2019இல் ஓர் ஆய்வு கூறியது. அதே தரவுகளை மறுபடி அலசிய வேறொருவர் அந்த முடிவை ஏற்கவில்லை. விவாதம் தீரவில்லை என்றாலும், தொடரில் இருந்த அவளுடைய மரணக் காட்சியைத் தயாரிப்பாளர்களே 2019 ஜூலையில் நீக்கிவிட்டார்கள். கதை எதையும் இழந்துவிடவில்லை.

இதன் மறுபக்கத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1791இல் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன் காதலியை இழந்ததாக எண்ணி உயிரை விடத் துணிகிறான், மூன்று சிறுவர்கள் வந்து அவனிடமே இருக்கும் மணிகளை நினைவூட்டுகிறார்கள், அவன் பிழைக்கிறான். தற்கொலை எண்ணத்தைக் கடந்து வந்தவர்களின் கதைகள் அந்த எண்ணம் கொண்டவர்களுக்குக் காப்பாக அமையக்கூடும் என்று ஆஸ்திரிய ஆய்வாளர் நீடர்க்ரோட்டென்தாலரும் அவருடைய குழுவினரும் 2010இல் எழுதியபோது, அந்தப் பாத்திரத்தின் பெயரையே அவ்விளைவுக்கு வைத்தார்கள். சினிமாவுக்குப் பாதிக்கும் ஆற்றல் உண்டென்றால் காக்கும் ஆற்றலும் உண்டு. அதைக் குறை சொல்வதைவிட இதைக் கேட்டுப் பெறுவதுதான் பார்வையாளர்களாகிய நம் வேலை என்று நினைக்கிறேன்.

கேள்வி: காதலர் தற்கொலையை அழகாக்கிக் காட்டியவர் என்று கே. பாலசந்தரைச் சிலர் குற்றம் சாட்டுவது நியாயமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மதுரை

பாதி நியாயம். 1978இல் தெலுங்கில் ‘மரோ சரித்ரா’, 1981இல் அதன் இந்தி வடிவமான ‘ஏக் தூஜே கே லியே’ ஆகிய இரண்டையும் அவர் காதலர்களின் மரணத்தில் முடித்தார். இந்திப் படம் நாடெங்கும் ஓடியபோது காதலர் தற்கொலைச் செய்திகளும் கூடவே வெளிவந்தன. பத்திரிகைச் செய்தி ஆய்வுக்கு ஈடாகாது. ஆனாலும் கடலும் பாறையும் இசையுமாகச் சாவை ஒரு சேர்க்கையாகக் காட்டியதை மறுப்பதற்கில்லை.

மறு பாதியை 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ சொல்கிறது. அது மரணத்தில் முடிவதற்கு முன், மரணத்திலிருந்துதான் தொடங்குகிறது. படத்தின் ஆரம்பத்திலேயே இருவரும் அருவியில் குதிக்கிறார்கள். ரேகா நடித்த பெண் இறந்துபோக, கமல்ஹாசன் நடித்த சேது மட்டும் பிழைத்துக்கொள்கிறான். பிழைத்தவன் தற்கொலை முயற்சிக்காகச் சிறைக்குப் போகிறான், ஊராரின் பார்வையைத் தாங்குகிறான், அவள் போய்விட்டாள் நான் இருக்கிறேன் என்ற குற்றவுணர்வைச் சுமந்தபடி நடனம் சொல்லிக்கொடுக்கிறான். முந்தைய படங்கள் எந்த இடத்தில் திரையை இறக்கினவோ அந்த இடத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்று அதே இயக்குநர் கேட்டிருக்கிறார் என்றே நான் அதை வாசிக்கிறேன். கடைசியில் அந்தப் படமும் ஒரு ஜோடியின் சாவில் வந்து நின்றது எனக்கு இன்றும் ஏமாற்றம்தான்.

சிறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு இணையான பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் முயற்சிக்கு மட்டும் 226ஆம் பிரிவு இருக்கிறது. ஆகவே உயிர் பிழைத்துப் படுக்கையில் கிடக்கும் பாத்திரத்திடம் ‘கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்’ என்று உறுமும் போலீஸ்காரரை இன்றைய படத்தில் வைப்பது தவறான தகவல். வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்திருந்து உயிரை இழந்த குடும்பங்களைக் கருதியாவது அந்த வசனத்தை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: தாடியும் பாட்டிலும்தான் மனச்சோர்வின் அடையாளமா?
– வாசகி, தஞ்சாவூர்

சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ நாவல் 1917இல் வெளியானது. நாகேஸ்வர ராவ் நடித்த தமிழ் ‘தேவதாஸ்’ 1953இல் வந்தது. அன்றிலிருந்து நம் நாயகர்கள் துயரப்பட்டால் குடிக்கிறார்கள், குடித்தால் பாடுகிறார்கள். மது மனச்சோர்வை ஆழமாக்கும்; ஒரு கணத்தில் தோன்றும் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் தடையையும் தளர்த்தும். திரையோரத்தில் ஓடும் எச்சரிக்கை வாசகம் உடல் கேட்டைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

கேள்வி: நன்றாகச் செய்த படங்களே இல்லையா? குறை மட்டும் சொல்லாமல் இரண்டு மூன்றைச் சொல்லுங்களேன்.
– மருத்துவ மாணவர், சென்னை

மகிழ்ச்சியோடு சொல்கிறேன். முதலில் நமக்குப் பக்கத்திலிருந்தே ஒன்று: மது சி. நாராயணன் இயக்கி, சியாம் புஷ்கரன் எழுதி 2019இல் வந்த மலையாளப் படமான ‘கும்பளங்கி நைட்ஸ்’. சௌபின் சாஹிர் நடித்த சஜி என்ற மூத்த அண்ணன், வேலைவெட்டி இல்லாதவன், குடிப்பவன், தம்பிகளின் மதிப்பையும் இழந்தவன். துணி தேய்த்துப் பிழைக்கும் முருகன் என்ற தமிழரின் வருமானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் அவன் உயிரை விட முயல, காப்பாற்ற ஓடிவந்த முருகன் இறந்துபோகிறார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்து இந்திய சினிமாவின் மிக நேர்மையான காட்சிகளில் ஒன்று வருகிறது. சஜி பள்ளியில் படிக்கும் தன் கடைசித் தம்பி ஃபிராங்கியிடம் போய், என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்கிறான். எல்லாம் கையை விட்டுப் போகிறது, என்னால் அழக்கூட முடியவில்லை என்கிறான். வசனம் அவ்வளவுதான். வீட்டிலேயே வயதில் சிறியவனிடம், உதவி கேட்டுப் பழக்கமில்லாத ஒரு பெரிய ஆண், கெஞ்சாமல் கேட்டுவிடுகிறான். அடுத்து மருத்துவரின் மார்பில் சாய்ந்து அவன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். மருத்துவர் அறிவுரை சொல்வதில்லை, அழ விடுகிறார். ஆண் அழலாம் என்று மேடை போட்டுச் சொல்லாமல், உதவி கேட்பது எப்படி இருக்கும் என்று செய்தே காட்டிய காட்சி அது. அதற்குப் பிறகும் சஜி அதே வீட்டில்தான் இருக்கிறான், முருகனின் கர்ப்பிணி மனைவியிடம் போய் நிற்க வேண்டியவனாகத்தான் இருக்கிறான். பிழைத்ததோடு அவன் பொறுப்பு முடிந்துவிடவில்லை என்பதைப் படம் மறக்கவில்லை.

இரண்டாவது, ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கிய ‘ஆர்டினரி பீப்பிள்’ (1980). அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. படகு விபத்தில் அண்ணனைப் பறிகொடுத்த கான்ராட் தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் கதையே தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஒரு காலை உணவுக் காட்சி. அம்மா அவனுக்குப் பிடித்த பிரெஞ்சு டோஸ்ட் செய்து தட்டில் வைக்கிறார். பசியில்லை என்கிறான். உடனே தட்டை எடுத்துக் குப்பையில் தள்ளிவிடுகிறார். குரல் உயரவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த வீட்டில் இவனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அப்பாவோ, ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்று பதறிப் பதறிக் கேட்பவர். இரண்டு பேரையும் படம் குற்றவாளி ஆக்கவில்லை. பெர்கர் என்ற மனநல மருத்துவரிடம் பல வாரங்கள் உட்கார்ந்து, கோபப்பட்டு, எழுந்து போய், திரும்பி வந்து, கடைசியில்தான் கான்ராட் தன் குற்றம் எது என்று கண்டுகொள்கிறான்: அண்ணன் பிடியை விட்டான், இவன் படகை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், உயிரோடு இருக்கிறான். கௌரி ஷிண்டேயின் ‘டியர் ஜிந்தகி’யில் (2016) ஷாருக் கான் நடித்த மருத்துவர் கோவா கடற்கரையில் நடந்தபடியே ஆலோசனை சொல்வது இளைஞர்களின் தயக்கத்தை உடைத்தது உண்மை. ஆனால் சிகிச்சை எவ்வளவு கடினமான உழைப்பு என்று அறிய விரும்புவோர் பெர்கரின் அறைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவதாக லார்ஸ் வான் ட்ரியரின் ‘மெலன்கோலியா’ (2011). கிர்ஸ்டன் டன்ஸ்ட் நடித்த ஜஸ்டினை அவளுடைய அக்கா குளிக்க அழைத்துப் போகிறாள். தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஒரு காலைத் தூக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜஸ்டினால் முடிவதில்லை. பிறகு அவளுக்கு மிகவும் பிடித்த இறைச்சி உணவைச் சமைத்துத் தருகிறார்கள். ஒரு வாய் வைத்துவிட்டுச் சாம்பல்போல் இருக்கிறது என்று அழுகிறாள். ‘சோம்பேறித்தனம்’, ‘எழுந்து நாலு இடத்துக்குப் போய் வந்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்த இரண்டு காட்சிகளை மட்டுமாவது காட்டுங்கள்.

கேள்வி: ‘கீழ்ப்பாக்கம்’ நகைச்சுவைகளும் ஷாக் ட்ரீட்மென்ட் காட்சிகளும் உண்மையில் தீங்கு செய்கின்றனவா?
– செவிலியர், வேலூர்

செய்கின்றன, அதை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். 1794இல் தொடங்கி இன்றுவரை ஏழைகளுக்குச் சிகிச்சையளிக்கும் ஓர் அரசு மருத்துவமனையின் இருப்பிடத்தை வசைச்சொல்லாக்கியதில் நம் நகைச்சுவைக் காட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மின்னதிர்வுச் சிகிச்சையைத் திரை ஒரு தண்டனையாகவே காட்டிப் பழகியிருக்கிறது. உண்மையில் தற்கொலை அபாயம் மிகுந்த கடும் மனச்சோர்வில் விரைந்து பலன் தரும் சிகிச்சை அது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைத் தருவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே பிரிவு தடைசெய்கிறது.

பாலாவின் ‘சேது’ (1999) சங்கிலியில் கட்டுண்ட மனிதர்களைக் காட்டியபோது பலர் அதை மிகை என்றார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி, சங்கிலியோடு தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த அளவில் படம் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அதே படம் நாயகி அபிதாவின் தற்கொலையை நாயகனின் துயரத்துக்கான ஒரு படியாக மட்டும் பயன்படுத்திக்கொண்டது.

கேள்வி: 17 வயது மகன், நாயகன் இறந்துபோகும் படங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். செல்போனைப் பிடுங்கி வைக்கலாமா?
– தாயார், சேலம்

பிடுங்க வேண்டாம், அம்மா. சோகப் படங்களை விரும்புவது மட்டுமே நோயின் அறிகுறியாகாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தையாவது முழுதாகப் பாருங்கள். அந்தப் பாத்திரத்தில் அவனுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா, நண்பர்களை விட்டு விலகுகிறானா, தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறானா, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்பது போலப் பேசுகிறானா என்று கவனியுங்கள். ஐயம் எழுந்தால் ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பல ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. கேட்டவுடன் பாரம் குறைந்து அழுதுவிடும் பிள்ளைகள்தான் அதிகம். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. தமிழக அரசின் 104க்கும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இலங்கை வாசகர்கள் 1926ஐ அழைக்கலாம். மகன் மட்டுமல்ல, கவலையில் இருக்கும் நீங்களும் இந்த எண்களில் பேசலாம்.

கேள்வி: இருபது நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். விடுதி மாணவன் ஒருவன் கேலியும் தனிமையும் தாங்காமல் இறந்துபோகிறான். அவன் எழுதிய கடிதம் பின்னணிக் குரலில் ஒலிக்க, எல்லோரும் வருந்துவதோடு படம் முடிகிறது. அவன் இறக்கக் கூடாது என்பீர்களா?
– காட்சித் தொடர்பியல் மாணவர், புதுச்சேரி

அப்படி ஒரு விதி இல்லை. அப்பாஸ் கியரோஸ்தமியின் ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’ (1997) முழுக்க முழுக்கச் சாக விரும்பும் ஒருவரைப் பற்றிய படம். பதீ என்பவர் டெஹ்ரானின் புறநகரில் காரோட்டிக்கொண்டு, தான் இறந்தபின் மண்ணள்ளிப் போட ஓர் ஆளைத் தேடுகிறார். ஏன் சாக வேண்டும் என்று படம் சொல்வதே இல்லை. அதனால் ‘இதற்குச் சாவதுதான் சரி’ என்றோ ‘இதற்கெல்லாமா சாவார்கள்’ என்றோ தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை. வண்டியில் ஏறும் ஒரு முதியவர், தானும் இளமையில் சாகப் போனதையும், போன இடத்தில் கைக்கு மென்மையாகத் தட்டுப்பட்ட மல்பெரிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டதையும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மரத்தை உலுக்கச் சொல்லிக் கேட்டதையும், மனைவிக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியதையும் சொல்கிறார். பதீ என்ன ஆனார் என்பதை இறுதிவரை படம் காட்டுவதில்லை. அவ்வாண்டு கான் விழாவின் தங்கப் பனை விருதை அது பகிர்ந்துகொண்டது.

உங்கள் கதையில் என்னை உறுத்துவது அவன் சாவதல்ல, கடிதமும் அதற்குப் பின் எல்லோரும் வருந்துவதும்தான். உயிரோடு இருந்தபோது கிடைக்காத கவனம் செத்த பிறகு கிடைத்தது என்று உங்கள் கடைசி ஐந்து நிமிடம் சொல்கிறது. அதே விடுதி அறையில், அதே நிலையில் உட்கார்ந்து அலைபேசியில் உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவனுக்கு அது ஒரு வாக்குறுதி போலக் கேட்கும். அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துவிடுங்கள். எவ்வாறு இறந்தான் என்பதையும் காட்டாதீர்கள். மீந்த நேரத்தில் அவனுடைய சாதாரண நாள் ஒன்றைக் காட்டுங்கள்: மெஸ்ஸுக்குப் போகாமல் படுத்திருப்பது, அம்மாவின் அழைப்பை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது, கதவைத் தட்டிய அறைத் தோழனிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிடுவது. அந்தத் தோழன் இரண்டாம் முறை வந்து தட்டுவதாக எழுதிப் பாருங்கள். கதை எங்கே போகிறதென்று உங்களுக்கே வியப்பாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைப்படக் கலைஞர்களுக்காகவே வெளியிட்ட தற்கொலைத் தடுப்புக் கையேடு இணையத்தில் கிடைக்கிறது. படப்பிடிப்புக்கு முன் குழுவினர் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

மாணவனாக நடிக்கப்போகிறவரிடம், இந்தப் பாத்திரம் அவருக்குத் தொந்தரவு தருமா என்று தனியே அழைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். தயங்கினால் வேறு வேடம் கொடுங்கள். சம்மதித்தால், கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் அவரைத் தனியே அறைக்கு அனுப்பாமல் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போங்கள்.